பதினேழாம் பெட்டியில் பூத்தது

பதினேழாம் பெட்டியின் மூடியில், உட்பக்கம் படிந்திருந்த நீராவியில், விரலால் இழுத்தது போல ஒரு மீன் இருந்தது.

ஒரே கோடு. மூக்கில் தொடங்கி, முதுகு வளைந்து, வாலில் தன்னையே குறுக்காக வெட்டி, வயிறு வழியே திரும்பி மூக்குக்கே வந்து சேர்ந்துவிட்ட கோடு. கண் மட்டும் இல்லை. அவள் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். போன மாதம் அவளே ஒட்டிய டேப், மூலையில் அவள் கையால் எழுதிய தேதியோடு, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. சரி, நத்தை. மண்ணோடு வந்த குட்டி நத்தை ஏதாவது மேய்ந்துவிட்டுப் போயிருக்கும். நத்தைக்கு ஓவியம் வரக் கூடாது என்று யார் சொன்னது? இந்தப் பண்ணையில் தனக்குத் தெரிந்த வேலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்பவர்கள்தான் அதிகம்.

வேறு எதையும் அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதில் அவளுக்குப் பதினான்கு மாதப் பயிற்சி இருந்தது.

மீன்தொட்டிகளுக்கான செடிகளை வளர்க்கும் பண்ணை அது. அதன் பின்கோடியில், ஜன்னலே வைக்காமல் கட்டிய ஈர அறை அவளுடையது. காலை ஆறு மணிக்கு டைமர் 'டக்' என்று சொன்னதும் வரிசை வரிசையாகக் குழல்விளக்குகள் சிமிட்டிச் சிமிட்டி எரியும். இரும்பு அடுக்குகளில் நாற்பது பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நான்கு விரல் ஆழத்துக்குச் சேறு, சேற்றிலிருந்து தலை நீட்டி நிற்கும் செடிகள். மூலையில் பனிப்புகை விடும் இயந்திரம் சளி பிடித்தவனைப் போல உறுமிக்கொண்டே இருக்க, கூரையில் கோத்த நீர் சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழும் ஓசையும், அழுகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இலைகளின் வாசனையும், இழுத்தால் பாதி தண்ணீர்தான் உள்ளே போகிறது என்று தோன்றும் காற்றும் அங்கே எந்நேரமும் இருந்தன.

கதவு மரக்கதவு, மேல்பாதியில் கண்ணாடி. உள்பக்கமாகத் திறக்கும்; விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானே சாத்திக்கொள்ளும். ஈரத்தில் ஊதிப்போய், சாத்திய பிறகு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். உள்கைப்பிடி ஐந்து மாதத்துக்கு முன்பே கழன்று விழுந்துவிட்டது. யாராவது வெளியிலிருந்து தோள் கொடுத்தால்தான் திறக்கும். அதனால் உள்ளே போகிற யாரும் முதல் காரியமாக, நிலையோரம் கிடக்கும் மரக்கட்டையைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார்கள். "நாளைக்கு ஆள் வரச் சொல்றேன்" என்று கணவர் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பண்ணையின் முதலாளி. நாளை என்பது அவருடைய நாட்காட்டியில் ஒரு திசை, தேதி அல்ல.

அவளுடைய வேலை செடிக்குப் பெயர் சொல்வது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்தச் செடிகளின் இலை ஒரு புளுகுமூட்டை. வெளிச்சம் கூடினால் சிவக்கும், குறைந்தால் பச்சையாகும், தண்ணீருக்குள் நீளும், வெளியே குட்டையாகும். எங்கெங்கோ பிறந்த இரண்டு செடிகள் ஒரே தொட்டியில் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளைப் போல நிற்கும். பூ வந்தால்தான் உண்மை தெரியும். பூ என்றால் தலையில் வைக்கிற பூ அல்ல. மண்ணில் பாதி புதைந்த ஒரு குட்டிக் குடுவை. அதிலிருந்து எழும் குழாய். குழாயின் நுனியில் நாக்கைப் போல விரியும் ஒரு மடல். மடலின் முனையில் வால். மடல் என்ன நிறம், வழவழப்பா சொரசொரப்பா, வால் எவ்வளவு நீளம், குடுவையை பிளேடால் பிளந்தால் உள்ளே எத்தனை சூல்முடிகள் வட்டம் கட்டி உட்கார்ந்திருக்கின்றன என்றெல்லாம் பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். அதுவரை லேபிளில் கேள்விக்குறி. வாடிக்கையாளர் காலில் விழுந்தாலும் கேள்விக்குறிதான். பண்ணையில் வேலை செய்பவர்கள் அவளுக்குப் 'பூக்காரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் சொல்ல மாட்டார்கள். அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொல்வார்கள்.

பூ வராமல் அவள் பெயர் எழுதியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அது பதினேழாம் பெட்டிக்கு.

பதினான்கு மாதங்களுக்கு முன் கணவரும் அவளுடைய தம்பியும் செடி எடுக்கப் போனார்கள். தம்பிக்கு வீட்டில் தவளை என்று பெயர். தண்ணீரைக் கண்டால் சட்டையோடு குதிக்கிறவன். மூன்றாம் நாள் கணவர் மட்டும் ஈரப் பையோடு திரும்பி வந்தார். மேலாறு என்கிற ஆற்றில் செடி எடுத்துக்கொண்டிருந்ததாகவும், தான் வண்டி வரை போய்விட்டு வருவதற்குள் ஆளைக் காணவில்லை என்றும் சொன்னார். விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். பையைப் பிரித்துக் காட்டி, "இது எந்த இடத்துச் செடின்னு உங்களால சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டார். இலை மேலாற்றுச் செடியின் இலையைப் போலத்தான் இருந்தது. கணவர் அழுதுகொண்டிருந்தார். கட்டியவர் அழும்போது கேள்விக்குறி போட அவளுக்குக் கை வரவில்லை. மேலாறு என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாள்.

பதினோரு நாள் மேலாற்றில் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய் அந்தக் கரையில் நிற்கிறாள். பையில் ஒரு துண்டும், மடித்த சட்டையும். பிள்ளை நனைந்து வருவான் இல்லையா.

மீனைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமை, மூடியைத் துடைக்கத் திறந்தபோதுதான், செடியின் அடியில், சேற்றை விலக்கிக்கொண்டு, சுருட்டிய பேனா முனையைப் போல ஒரு மொட்டு நிற்பதைப் பார்த்தாள்.

அவள் மகிழ்ந்திருக்க வேண்டும். மூடியைத் துடைத்து, சாத்தி, டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டினாள்.

மதியம் கணவர் சாப்பிடக் கூப்பிட வந்தார். வழக்கம் போல வாசலோடு நின்றார்.

"என்னம்மா, இன்னிக்குப் பட்டினியா?"

"பதினேழு மொட்டு விட்டிருக்கு."

"எந்தப் பதினேழு?"

தன் பண்ணையில் எந்தப் பெட்டியில் எத்தனை இலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் அவர்.

"தம்பி எடுத்த செடி."

"அதான் பேர் தெரியுமே" என்று சிரித்தார். "மேலாத்துச் செடி. நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியே! பூத்தா மஞ்சளாப் பூக்கும். அதுல பாக்க என்ன இருக்கு?" கொஞ்சம் தூரம் போனவர் திரும்பினார். "இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு அது. தூக்கிப் போட்டுட்டு வேற ஏதாவது வை."

இதைச் சொல்லும்போது அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பதினான்கு மாதத்தில் ஒருநாளும் அவர் அந்த அடுக்கின் பக்கம் வந்ததே இல்லை. இதைக் கவனிக்க இவ்வளவு நாள் ஆயிற்றா என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மீன் மறுபடி வந்திருந்தது. துடைத்தாள். புது டேப் ஒட்டினாள். நத்தையைத் தேடி மண்ணை விரலால் கிளறினாள். நத்தை இல்லை.

புதன்கிழமை காலை கடைசி விளக்கும் எரியத் தொடங்கிய நொடியில், அறையின் எல்லா ஓசைகளுக்கும் அடியிலிருந்து, இயந்திரத்தின் உறுமலுக்கும் தகரத்துச் சொட்டுக்கும் நடுவே விழுந்த ஒரு சின்ன இடைவெளியிலிருந்து, தெளிவாக ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

"ஹ்க்கும்."

அவள் சிரித்துவிட்டாள். யோசிக்காமல், அனிச்சையாக. ஏனென்றால் தம்பி ஜோக் சொல்வதற்கு முன் அப்படித்தான் செருமுவான். அவன் ஜோக்குகள் படுமோசம். அதனால் வீட்டில் எல்லோரும் செருமலுக்கே சிரித்து முடித்துவிடுவார்கள். ஜோக்கிலிருந்து தப்பிக்க அது ஒன்றே வழி.

சிரிப்பு வாயிலேயே நின்றது. அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். பிறகு மெதுவாக, பொருட்களைத் தொட்டுத் தொட்டு, அடுக்கைப் பிடித்துக்கொண்டு, பதினேழாம் பெட்டிக்குப் போய்க் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. மொட்டு மட்டும் ஒரு விரல் உயரம் வளர்ந்திருந்தது. குழாயில் காற்று புகுந்திருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே விளக்கம் சொன்னாள். வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அதே குரலில். அவர்களும் இப்படித்தான் நம்புவது போல நடிப்பார்கள் போலிருக்கிறது.

வியாழக்கிழமை வாசனை வந்தது. இந்தப் பூக்களுக்கு வாசனை உண்டு. செத்த எலியின் வாசனை. அதை நம்பி வரும் ஈக்களைக் குழாய் வழியே குடுவைக்குள் இழுத்து, ஒரு பகலும் ஓர் இரவும் பூட்டி வைத்து, மகரந்தம் பூசி, மறுநாள் விட்டுவிடும். ஆனால் பதினேழாம் பெட்டியிலிருந்து வந்தது யூகலிப்டஸ் மிட்டாயின் வாசனை. தொண்டை கட்டாமலே தம்பி நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருக்கும் மிட்டாய். அதற்குப் பின்னால், இன்னும் ஆழத்தில், வெயிலே படாத கருந்தண்ணீரின் வாசனை.

வெள்ளிக்கிழமை காலை மீன் வந்திருந்தது. அன்றைக்கு அவள் அதைத் துடைக்கவில்லை. பஸ் ஜன்னலிலும், குளியலறைக் கண்ணாடியிலும், அம்மாவின் கண்ணாடி டம்ளரிலும், நீராவி எங்கே படிந்தாலும் தம்பி வரைகிற மீன். சின்ன வயதில் அவள் கேட்டிருக்கிறாள், ஏண்டா கண்ணே வைக்க மாட்டேங்கிறே என்று. "கடைசியாத்தான்க்கா வைக்கணும். கண்ணு வெச்சா அதுக்கு யாரு எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுடும்ல?"

மீனின் மூக்கு கதவைப் பார்த்து இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போறேன் கண்ணு. நீ வர்றியா?"

"இந்த வாரம் வேண்டாம்மா."

"உனக்கு எப்பவும் வேலைதான். சரி, அவனுக்கு நீலச் சட்டை எடுத்துட்டுப் போகவா, கோடு போட்டதா?"

"கோடு போட்டதும்மா" என்றாள்.

சனிக்கிழமை கணவர் இரண்டு முறை கேட்டார். "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டாச்சா?" என்று ஒருமுறை. "பூத்துடுச்சா?" என்று ஒருமுறை. இரண்டாவது கேள்வியில் அவர் குரல் பிசிறியது.

ஞாயிற்றுக்கிழமை.

வேலையாட்கள் வராத நாள். வீடு பண்ணையை ஒட்டியே இருந்ததால், குளியலறையில் கணவர் குழாயைத் திறந்து மூடும் ஓசைகூட நடைபாதை வரை கேட்டது. ஆறு மணிக்கு அவள் ஈர அறையின் கதவைத் தோளால் தள்ளினாள். முட்டுக்கட்டையைக் காலால் நகர்த்தி வைத்தாள். டைமர் 'டக்' என்றது. விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக எரிந்துகொண்டே அறையின் கோடிக்குப் போய், பதினேழாம் பெட்டிக்கு மேலே வந்து நின்றன.

பூத்திருந்தது.

மஞ்சள் இல்லை.

மடல் கறுப்பு. கறுப்பென்று பார்த்தால், விளிம்பில் பழைய காயம் கன்றிய ஊதா. மேல்புறமெல்லாம் பருப்பருவாய்ச் சொரசொரப்பு. வால் ஒரு சாண் நீளம், முறுக்கி, மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே நின்றது. டேப் அறுந்து தொங்கியது.

அவளுக்கு அந்தப் பூவைத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். பழைய கல்குவாரிக் குட்டையில். உலகத்தில் வேறெங்கும் அதைப் பார்த்ததாக யாரும் எழுதியதில்லை. மேலாற்றிலிருந்து முழுதாக ஒரு பகல் பயணம், எதிர்த் திசையில். நாலு பக்கமும் செங்குத்துப் பாறை. இறங்கினால் கயிறு இல்லாமல் ஏற முடியாது. அதற்குப் பிறகு வேலி போட்டுவிட்டார்கள். அங்கே ஓர் இலை கிள்ளினாலும் பண்ணையின் உரிமம் போய்விடும்.

அம்மா இந்நேரம் பஸ்ஸில் இருப்பாள். மடியில் கோடு போட்ட சட்டை. அவளைத் தவறான ஆற்றங்கரையில் பதினான்கு மாதமாக நிறுத்தி வைத்திருப்பது யார்? அதிகாரியா? கணவரா? இல்லை. அந்தக் காகிதத்தில் இருப்பது இவளுடைய கையெழுத்து. முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்குக்கூடச் செய்யாத துரோகத்தைக் கூடப்பிறந்தவனுக்குச் செய்திருக்கிறாள்.

ஆனாலும் எண்ண வேண்டும். நிறம் ஏமாற்றலாம். எண்ணாமல் எழுதியதன் பலனைத்தான் பார்த்தாயிற்றே.

பிளேடை எடுத்தாள். பூவைச் சேற்றோடு கிள்ளித் தட்டில் கிடத்தினாள். குடுவை அவளுடைய கட்டைவிரல் நகத்தளவு. இடக்கையால் அழுத்திப் பிடித்தபோது அது லேசாக விம்மியது. மூச்சுப் பிடித்த நெஞ்சைப் போல.

"ஹ்க்கும்."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பிளேடு இறங்கியது.

தண்ணீர்.

குடுவை உள்ளே காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் வந்தது. கறுத்த, குளிர்ந்த தண்ணீர். தட்டு நிறைந்தது. வழிந்தது. மேஜை ஓரத்திலிருந்து நூல் போல இறங்கி, நூல் கயிறாகி, கயிறு நிற்கவே இல்லை. நகத்தளவு குடுவை. தரை நனைந்தது. கால் நனைந்தது. தண்ணீர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, வழி தெரிந்ததைப் போல, வாசலைப் பார்த்து ஓடியது.

அவளும் ஓடினாள். அவள் கால் பட்டுக் கட்டை நகர, கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது.

நடைபாதையில் கணவர் வந்துகொண்டிருந்தார். வாயில் பிரஷ், உதட்டில் நுரை. காலடியில் வந்து சேர்ந்த தண்ணீரைப் பார்த்தார். அதன் வாசனை எட்டியதும் பிரஷை வெளியே எடுத்தார்.

"எந்தக் குழாய் உடைஞ்சுச்சு?"

"கறுப்பாப் பூத்திருக்கு" என்றாள்.

அவர் அவளைத் தாண்டி ஈர அறையின் வாசலைப் பார்த்தார்.

"கறுப்பு. சொரசொரப்பு. ஒரு ஜாண் வால். எங்க எடுத்தீங்க?"

"மேலாத்துலதான். நீதானே எழுதி..."

"நான் எழுதினதை நான் பாத்துக்கறேன். நீங்க சொல்லுங்க."

"காலங்காத்தால கத்தாத. பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்க."

"அந்தக் குட்டையில எங்க தம்பி இருக்கானா இல்லையா?"

நுரை அவர் தாடையில் இறங்கி, சட்டையில் சொட்டியது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் ஓடும் தண்ணீரோடு பேசுவதைப் போலக் குனிந்தபடி பேசினார்.

"கீழ எறங்கினான். செடியைப் பறிச்சுப் பையில போட்டு, தலைக்கு மேல தூக்கிக் கொடுத்தான். நான் குனிஞ்சு பையை வாங்கினேன். அவனுக்குக் கால் வழுக்கிடுச்சு. ஆனா பாறையைப் புடிச்சுக்கிட்டான். நல்லாத்தான் புடிச்சுக்கிட்டிருந்தான். அத்தான், கயிறுன்னான்."

"கயிறு எங்க இருந்துச்சு?"

"வண்டியில."

"அப்புறம்?"

"வண்டிக்குப் போனேன்."

"போய்?"

அவர் எச்சில் விழுங்கினார்.

"பையில தண்ணியே இல்ல. நல்ல வெயில். வேர் காஞ்சா போச்சு, உனக்கே தெரியும். அதான் முதல்ல செடியை நனைச்சு, தாள் சுத்தி, பெட்டியில வெச்சுட்டு... ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்தாம்மா. திரும்பி வந்தப்ப பாறை மட்டும்தான் இருந்துச்சு."

செடிக்காரனின் புத்தி. பறித்தவுடன் நனை. யோசிக்காதே, நனை. அவளும் அப்படித்தான் செய்வாள். இருபது வருடமாகக் கைக்குப் பழகிய வேலை. அது அவளுக்கு விளங்கிவிட்டது என்பதுதான் அவளை எரித்தது. ஆனால் அதற்குப் பிறகு? ஆள் கூட்டாதது? வேலி தாண்டியது தெரிந்துவிடும், உரிமம் போய்விடும் என்று எதிர்த் திசையில் ஓர் ஆற்றைக் கைகாட்டியது? பதினோரு நாள் கரையில் நின்று, அவரும் சேர்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, கையைக் குவித்துக் கூப்பிட்டாரே, அது?

அந்த நொடியில் அவளுக்குள் இருந்த கணவர், கணவன் ஆனான்.

"எங்கம்மா அந்த ஆத்தங்கரையில சட்டையை வெச்சுக்கிட்டு நிக்கிறாடா."

கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவள் அவனை ஒருமுறையும் 'டா' போட்டதில்லை. அவன் அடி வாங்கியவனைப் போல நிமிர்ந்தான். பிறகு முகம் மாறியது. பயந்தவன் கணக்குப் போடத் தொடங்கும்போது வருகிற முகம்.

"ஒரு பூ. உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் அது? எடுத்துட்டுப் போய் எரிச்சுடறேன். நீ ஒண்ணும் பாக்கல. உனக்கும்தான் பிரச்சினை, யோசிச்சுப் பாரு, கையெழுத்து யாரோடது?"

அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். அந்த அவசரத்திலும், கதவைத் தள்ளியவுடன், கட்டையைக் காலால் நகர்த்தி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனான். பழக்கம். கைக்கும் காலுக்கும் பழகிய எதையும் அவன் மறப்பதில்லை.

அவள் கட்டையைப் பார்த்தாள்.

இந்தப் பூக்கள் ஈயைப் பிடித்தாலும் மறுநாள் விட்டுவிடும். பூவுக்கு அந்த அளவுக்கு இரக்கம் உண்டு.

காலால் கட்டையை வெளியே இழுத்தாள்.

ஸ்பிரிங் முனகியது. கதவு வந்தது. சட்டத்தைக் கவ்வியது.

"ஏய்! கதவு!"

அவள் நகரவில்லை.

"விளையாடாதம்மா. திற. தண்ணி ஏறுது இங்க."

ஒரு தள்ளு போதும். அவள் தோள் கதவிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் நீராவி. நீராவியில் கலங்கலாக அவன் சட்டை. முஷ்டி. மறுபடி முஷ்டி.

"ரெண்டு நிமிஷம்" என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. "ரெண்டே நிமிஷம்தான்."

உண்மையில் அவ்வளவுதான் நினைத்தாள். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியட்டும். பிறகு திறப்பாள். அதிகாரியைக் கூப்பிடுவாள். அம்மாவை ஆற்றங்கரையிலிருந்து கூட்டி வருவாள். எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதுதானே அவள் வேலை.

பத்து. இருபது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. முப்பது. கசிவு நின்றது. உள்ளேயிருந்து ஏதோ ஈரத் துணியை வைத்து அடைத்ததைப் போல. நாற்பது. முஷ்டி இன்னும் தட்டியது, ஆனால் சத்தம் தூரத்திலிருந்து வந்தது. ஆழத்திலிருந்து.

ஐம்பத்திரண்டில் அவளால் முடியவில்லை. தோள் கொடுத்தாள்.

கதவு அசையவில்லை.

மறுபடி. முழுப் பலத்தோடு. மறுபடி. பாறையைத் தள்ளுவதைப் போல இருந்தது. மறுபக்கம் முழு அறை எடைக்குத் தண்ணீர்.

உள்ளே முஷ்டி நின்றது.

யூகலிப்டஸ் வாசனை.

கதவுக்குப் பின்னால், மிக அருகில், பொறுமையாக:

"ஹ்க்கும்."

அந்தச் செருமல் கணவன் காதில் விழுந்தது. கேட்டுவிட்டான். கண்ணாடியில் அவன் இரண்டு கைகளும் வந்து ஒட்டின. விரல் விரித்து. பத்து விரலும் எண்ண முடிந்தது. அவள் எண்ணினாள். பத்து. எதுவும் அசையவில்லை.

அந்தக் கைகளுக்கு நடுவே, உட்பக்க நீராவியில், ஒரு விரல் கோடு இழுக்கத் தொடங்கியது.

மூக்கு. முதுகு. வால். வயிறு.

பிறகு, நிதானமாக, கண்.